மாப்பிள்ளை வீட்டார் பாய்மரப் படகில்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த கார்டன் தனக்குக் கல்யாணம் என்று வந்து சொன்னபோது நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகிவிட்டது. மனிதருக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற எங்கள் தெருவுக்கு வருஷாவருஷம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வந்து, வெயில் ஏறும்போது ஊருக்குக் கிளம்பிவிடுகிற ஸ்காட்லாந்துக்காரர். டீக்கடையில் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டவர். "இன்னா டீச்சர், தண்ணி வர்ல" என்றுதான் மாடியிலிருந்து குரல் கொடுப்பார். கார்டன் என்றால் தோட்டம்தானே என்று தெருப் பிள்ளைகள் அவருக்குத் தோட்டத்தார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

"பொண்ணு யாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மோராக்னு பேரு. தீவுல இருக்கறாங்க. படகுங்களுக்கு டீசல் ஊத்தற பங்க் வச்சிருக்கறாங்க. அவங்களுக்குத் தீவு பூரா சொந்தக்காரங்க சார். எனக்குத்தான் ஆளில்ல. அப்பா அம்மா இல்ல. அண்ணன் ஆஸ்திரேலியாவுல, பேச்சுவார்த்தை இல்ல. என் பக்கம் வந்து நிக்க யாராவது வேணும்."

என் வீட்டுக்காரர் ஏழுமலை, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட். குறைதீர்க்கும் நாளில் மனுவோடு அழுதுகொண்டு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசி அனுப்புவது அவர் வேலை. 'எனக்கு ஆளில்லை' என்று யாராவது சொன்னால் அவரால் தாங்க முடியாது. "மாப்பிள்ளை வீட்டார் நாங்கதான்" என்று அங்கேயே அறிவித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

நான் பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. பருவக்காற்று எங்கே பிறந்து எப்படித் திரும்புகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டே சுண்ணக்கட்டியைத் தீர்த்தவள். கடல் என்பது எனக்குப் பாண்டிச்சேரியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கால் நனைத்தது மட்டும்தான். ஆனால் கல்யாணம் மே மாதம். ஊரில் அக்னி நட்சத்திரம். மலைப்பாறை பொழுது சாய்ந்த பிறகும் சூட்டைக் கக்கும். குளிர் தேசத்துக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செல்போன்கூட எங்கள் தெருவுக்கு வராத காலம் அது. விசா வாங்கிய கதையை எழுதினால் அதுவே தனிப் புலம்பலாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

ரயில் தண்டவாளம் கடலோரத்தில் முடிந்துபோகிற ஒரு சின்னத் துறைமுக ஊரில் புதன்கிழமை இறங்கினோம். இறங்கும்போது மழை. பெட்டியை இறக்கி வைக்கும்போது வெயில். விரித்த குடையை மடிப்பதற்குள் மறுபடியும் மழை. அந்த மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்து காதுக்குள் புகுந்தது. பெட்டிக்குள் பெண்ணுக்கு ஆரணியில் எடுத்த அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை, தாம்பாளம், குங்குமச் சிமிழ், ஒரு தூக்கு நிறைய அதிரசம், இன்னொரு தூக்கில் முறுக்கு. முன்பே வந்திருந்த கார்டன் எங்களைக் கட்டிப் பிடித்து, "வந்துட்டீங்க சார், வந்துட்டீங்க" என்று நாலு தடவை சொன்னார். கண் கலங்கியிருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

சாப்பிட மீன் கடைக்குக் கூட்டிப்போனார். மீனை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து, உருளைக்கிழங்கு வறுவலோடு காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். "மீன் பஜ்ஜி. உப்பு கம்மி, காரம் சுத்தமா இல்ல" என்று என் வீட்டுக்காரர் கையோடு கொண்டுபோயிருந்த ஊறுகாயைத் திறந்தார். பக்கத்து மேஜைக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் கடைக்காரம்மா இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது.

"இந்த மூணாவது தடவையாவது இவன் போய்ச் சேருவானா?"

மனு வாங்குகிறவருக்கு இந்த மாதிரி ஒரு வார்த்தை போதும். கார்டன் கை கழுவப் போன நேரத்தில் என் வீட்டுக்காரர் கல்லாப் பக்கம் போய் நின்றார். அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு தடவை கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்றாம். இரண்டு தடவையும் மாப்பிள்ளை தன் பாய்மரப் படகில் இதே துறையிலிருந்து கிளம்பினாராம். முதல் தடவை மூடுபனி என்று சொல்லிக்கொண்டு பல நாள் கழித்து இங்கேயே திரும்பி வந்தார். அடுத்த தடவை காற்று தள்ளிவிட்டது என்று வேறு ஏதோ தீவில் போய் ஒதுங்கினார். இரண்டு நாளும் மோராக் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு படகுத்துறையில் நின்றிருக்கிறார். இந்தத் தடவை சொல்லிவிட்டாராம்: சனிக்கிழமை உச்சிவேளை. அதற்குள் வராவிட்டால் இந்தத் தீவில் அவன் காலே படக்கூடாது.

"ஃபெர்ரி இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லை? ஞாயிறு தவிர தினமும் போகிறது. அரை நாள்கூட ஆகாது. ஆடுகளே போய்ச் சேர்ந்துவிடுகின்றன."

திரும்பி வந்த கார்டனிடம் ஃபெர்ரியிலேயே போய்விடலாம் என்றேன். அவர் என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. மாப்ள கியூல நின்னு, ஆட்டு லாரிக்குப் பின்னாடி ஏறி, அப்படியா போயி எறங்குவாரு?"

அங்கேதான் விஷயம் கெட்டது. தன் அக்கா மகன் கல்யாணத்தில் திறந்த காரில் பேண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை அழைப்பு நடத்தியவர் என் வீட்டுக்காரர். அவர் முகத்தில் அந்தக் கார் ஓடுவதை நான் பார்த்தேன்.

"நியாயம்தான் டீச்சர்" என்றார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"நாம ரெண்டு பேருமாவது ஃபெர்ரில போலாங்க."

"மாப்பிள்ளைய விட்டுட்டு மாப்பிள்ளை வீட்டார் மட்டும் போயி நின்னா இன்னா மரியாதை?"

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். படகின் பெயருக்கு அவர்களுடைய பழைய பாஷையில் 'இதோ வந்துவிட்டேன்' என்று அர்த்தமாம். ஒரு மினி பஸ் நீளம். உள்ளே இறங்கினால் இரண்டு பலகைப் படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு வயர்லெஸ் பெட்டி. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மிதவைச் சட்டை, தலையில் குரங்குக் குல்லா என்று நான் உட்கார்ந்திருந்தேன். துறையில் நின்ற ஒரு குழந்தை என்னைக் காட்டி அம்மாவிடம் ஏதோ கேட்டது. அம்மா அதை வேகமாக இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெயில் அடித்தது. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. முந்தின நாள் பத்திரிகையில் வானிலைப் படத்தைப் பார்த்திருந்ததால், "தென்மேற்கிலிருந்து காற்று வரும்" என்றேன். வடக்கிலிருந்து வந்தது. "இனி மழை இல்லை" என்றேன். ஆலங்கட்டி கொட்டியது. படகுத் தளத்தில் ஜவ்வரிசி மாதிரி குவிந்ததை கார்டன் பாத்திரத்தில் வாரி, வெண்ணெயைக் குளிரவைத்துக்கொண்டார். அது உருகுவதற்குள் வானவில். வானவில்லை என் வீட்டுக்காரருக்குக் காட்டத் திரும்பினால் மூடுபனி, வீட்டுக்காரரே தெரியவில்லை. பிற்பகல் வரைக்கும் நான் சொன்னது எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு கார்டன் என்னிடம், "டீச்சர், இப்ப இன்னா வரும்?" என்று கேட்டு, நான் சொன்னதற்கு எதிர்ப்பக்கமாகப் பாயைத் திருப்பத் தொடங்கினார். படகு நன்றாகவே போனது.

என் வீட்டுக்காரருக்குத்தான் நன்றாக இல்லை. பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே படுத்துவிட்டார். முகம் விபூதி நிறத்தில் இருந்தது.

"டீச்சர், எனக்கு ஏதாவது ஆயிட்டா..."

"ஒண்ணும் ஆகாதுங்க."

"இல்ல, சொல்றத கேளு. கிளம்பறப்ப தண்ணி மோட்டார ஆஃப் பண்ணனா இல்லையான்னு ஞாபகம் வர்ல. உன் தம்பிக்குச் சொல்லி பாக்கச் சொல்லு."

அதிசயம் என்னவென்றால் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. கொலைப்பசி எடுத்தது. படகு ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கு தின்றேன். கடல்நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் குளத்தில் குளிக்கிற மாதிரி, வழவழவென்று ஏழெட்டுத் தலைகள். முறுக்கைக் காட்டினேன். ஒன்று பக்கத்தில் வந்து முகர்ந்துவிட்டு, மரியாதையாகவே மறுத்துப் போனது.

சாயங்காலம் ஒரு சிறு குடாவில் நங்கூரம் போட்டார். சாயங்காலம் என்பது கடிகாரத்தில்தான். பொழுது போகவே இல்லை. விளக்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், வானம் வெளுத்தபடியே இருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்து கடைசியில் பகலிலேயே சாப்பிட்டார். ஓட்ஸைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டுக் கார்டன் கொடுத்தார். ஒரு வாய் வைத்ததும் இவர் நிமிர்ந்தார். "நம்ம ஊரு கூழுதானே இது! வெங்காயம் இருக்குதா?" வெங்காயமும் ஊறுகாயும் சேர்ந்ததும் அவருக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமைதான் இந்தப் பயணத்தில் முக்கியமான நாள், ஆனால் அன்று காலை எதுவுமே நடக்கவில்லை. காற்று எங்கள் முதுகில் பதமாக அடித்தது. தீவு எங்களுக்கு நேர் எதிரில், நீல மேடாகத் தெரிந்தது. பாயை விரித்தால் போய்ச் சேர வேண்டியதுதான். எனக்கே தெரிந்தது. கார்டன் நங்கூரத்தை எடுக்கவில்லை. கயிறுகளை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். பித்தளைக் கொக்கிகளைத் துடைத்தார். கெட்டிலின் அடிக்கரியைச் சுரண்டினார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மழை கழுவிவிட்டுப் போகிற தளத்தைத் தேய்த்துக் கழுவினார்.

"கிளம்பலாமா?" என்றேன்.

"இருங்க டீச்சர். காத்து செட் ஆவட்டும்."

"செட் ஆயிடுச்சே."

அவர் கெட்டிலைத் திருப்பி வைத்து மறுபக்கம் சுரண்டினார்.

உச்சிவேளைக்குப் பிறகு நங்கூரத்தை எடுத்தார். அதற்குள் காற்று மாறிவிட்டது. எதிரில் வந்தது, பிறகு பக்கத்தில், பிறகு எல்லாப் பக்கமும். அலை மாடு முட்டுகிற மாதிரி படகின் விலாவில் முட்டியது. துணிக்கடையில் பத்துப் பேர் சேர்ந்து வேட்டி கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் பெரிய பாய் மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிரிந்து ஆடியது. இன்ஜினை முடுக்கினார். அது இருமியது, கடல்நீரைக் குடித்தது, நின்றது. உள்ளே தூக்கு உருண்டு அதிரசங்கள் எல்லாம் தரையில் ஓடின. என் வீட்டுக்காரர் ஒரு கையால் பக்கெட்டையும் ஒரு கையால் தாம்பாளத்தையும் பிடித்துக்கொண்டு, "அண்ணாமலையாரே, நாங்க மாப்பிள்ளை வீட்டார்" என்று சத்தமாகச் சொன்னார். பதவியைச் சொன்னால் சாமி கூடுதலாகக் கவனிக்கும் என்று நினைத்திருக்கலாம்.

முன்பாயை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாறைத்திட்டுக்குப் பின்னால் ஒதுங்கினோம். பெண் வீட்டு விருந்துக்கு அன்று சாயங்காலமே நாங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நனைந்த கம்பளிக்குள் சுருண்டு கிடந்தோம்.

சனிக்கிழமை காலை மறுபடி கிளம்பினோம். காற்று இன்னும் எதிர்தான். முன்பாயை வைத்துக்கொண்டு குறுக்கே போய்க் குறுக்கே திரும்பினோம். எவ்வளவு போனாலும் அதே பாறை இடது பக்கத்தில் நின்றது. தூறலில் தீவு மறைந்துபோயிருந்தது.

"வயர்லெஸ்ல சொல்லுங்க" என்றேன் கார்டனிடம். "வந்து இழுத்துட்டுப் போவாங்க."

"கரை பூரா கேக்கும் டீச்சர். எல்லா போட்லயும் அதே பெட்டிதான். மூணாவது தடவையும் போய்ச் சேர்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"போகாட்டா தெரியாதா?"

அவர் சுக்கானின் பிடியைத் துடைக்கத் தொடங்கினார்.

உள்ளே பக்கெட்டோடு கிடந்த என் வீட்டுக்காரர் எழுந்தார். இரண்டு நாளில் அவர் நேராக நின்று நான் பார்த்தது அப்போதுதான். "பெண் வீட்டாரோட பேசறது மாப்பிள்ளை வேலை இல்ல. அது பெரியவங்க வேலை. எந்தப் பொத்தான அழுத்தணும், காட்டுங்க." பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்று கார்டன் மெல்லிய குரலில் சொல்லிக்கொடுத்தார்.

என் வீட்டுக்காரருடைய ஆங்கிலம் முழுக்க ஆபீஸ் ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படித்தான் இருந்தது: "மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு வணக்கம். பொருள்: திருமணம், தாமதம் குறித்து. ஓவர்."

பெட்டி கொஞ்ச நேரம் சீறியது. பிறகு கட்டையான ஒரு பெண் குரல். "யாரது? ஓவர்."

"மாப்பிள்ளை வீட்டார். ஓவர்."

"மாப்பிள்ளைக்கு வீட்டார் கிடையாதே. ஓவர்."

"இந்த வருஷத்திலிருந்து உண்டு. திருவண்ணாமலை. ஓவர்."

நடுவில் வேறொரு ஆண் குரல் புகுந்தது. "மோராக், அவனை விட்டுத்தள்ளு. என் தம்பி சும்மாதான் இருக்கிறான்." இன்னொரு குரல்: "அதெல்லாம் முடியாது, நான் கல்யாணத்துக்குச் சட்டை தேய்த்து மாட்டிவிட்டேன்." மூன்றாவதாக ஒருவர் சாப்பாடு உண்டா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். அதற்குள் அதிகாரமான ஒரு குரல் குறுக்கிட்டது. "இந்த அலைவரிசை ஆபத்தில் இருப்பவர்களுக்கானது. நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்களா?"

என் வீட்டுக்காரர் யோசித்தார். கார்டனைப் பார்த்தார். "அதை அந்த அம்மாதான் முடிவு பண்ணணும். ஓவர்."

வேறு அலைவரிசைக்குப் போகச் சொன்னார்கள். போனோம். போனதும் பெட்டிக்குள் கிளிக், கிளிக், கிளிக் என்று வரிசையாகச் சத்தம். கரையோரம் இருந்த படகுகள் எல்லாம் எங்கள் பின்னாலேயே மாறிவந்திருந்தன.

இவர் வழக்கைத் தொடங்கினார். காற்று மாறியதைச் சொன்னார். ஆலங்கட்டியைச் சொன்னார். பாய் கிழிந்ததை, இன்ஜின் நின்றதை, அதிரசம் உருண்டதை எல்லாம் வரிசையாக வைத்தார். மாப்பிள்ளை நல்ல குணம், எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் இருந்து ஒரு நாள் ஒரு சத்தம் கிடையாது என்றார். "ஆகவே இயற்கைச் சீற்றத்தைக் கருத்தில் கொண்டு ஒரு முறை மன்னித்தருள வேண்டும். ஓவர்."

"அங்கே பெண் யாராவது இருக்கிறார்களா? ஓவர்."

"என் மனைவி. புவியியல் ஆசிரியை. ஓவர்."

"அவரிடம் கொடுங்கள்."

மைக் என் கைக்கு வந்தது. மோராக்கின் குரல் இறங்கியிருந்தது. "நீங்கள் எனக்குப் பழக்கமில்லாதவர். அதனால்தான் கேட்கிறேன். வானிலை, வானிலை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். இந்தத் தடவை உண்மையிலேயே வானிலைதானா? ஓவர்."

பொத்தானை அழுத்தாமல் வைத்திருந்தேன். கார்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைக் காட்டவும் இல்லை, கையைக் காட்டவும் இல்லை. வானிலைதான் என்று சொன்னால் பாதி உண்மை. கிழிந்த பாய் என் தலைக்கு மேலேயே தொங்கியது. ஆனால் அவர் கெட்டிலைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலை நேரத்தை நான் பார்த்தேனே. அந்த அம்மா மூன்றாவது தடவையும் இதையே கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமா?

அழுத்தினேன். "நேற்றுக் காலையில் காற்று நன்றாகத்தான் இருந்தது. தீவு கண்ணுக்குத் தெரிந்தது. இவர்தான் கிளம்பவில்லை. இவருக்கு உங்கள் மேல் ஆசை இல்லாமல் இல்லை. பயம். காலை முழுக்கக் கெட்டிலைச் சுரண்டினார். ஓவர்."

"டீச்சர்!" என்றார் என் வீட்டுக்காரர். வாதாடிக்கொண்டிருந்த வழக்கை வீட்டுக்காரியே கவிழ்த்துவிட்டாள் என்பது போல இருந்தது முகம்.

பெட்டி சீறிக்கொண்டே இருந்தது. கார்டன் அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல், மழையில் நின்றபடி. இந்தத் தடவை கண்ணில் வழிந்தது மழை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"எனக்கும்தான் பயம்" என்றது குரல். "அறுபது வயதுவரை தனியாக இருந்தவள் நான். அதற்காக நான் எங்கேயும் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளவில்லை, செருப்பு போட்டுக்கொண்டு துறையில் வந்து நின்றேன். அவனிடம் சொல்லுங்கள். வேண்டாம், அவனே கேட்டுக்கொண்டுதான் இருப்பான். நான் வருகிறேன். வெள்ளைப் பாயை இந்தத் தூறலில் தேட முடியாது. கண்ணைப் பறிக்கிற மாதிரி எதையாவது உயரத்தில் கட்டுங்கள். ஓவர்."

கண்ணைப் பறிக்கிற மாதிரி அந்தப் படகில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. நான் துணிப்பெட்டியைத் திறந்ததும் என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"டீச்சர், அது கூரைப்புடவை! பொண்ணு இன்னும் தொட்டுக்கூட பார்க்கல!"

"பொண்ணு வந்தாத்தாங்க தொட முடியும்."

கயிற்றில் கட்டி மேலே ஏற்றினோம். ஆரணிப் பட்டு, அரக்குச் சிவப்பு, சாண் அகல ஜரிகை. காற்று அதைப் பிடித்து விரித்தது. ஆறு கஜமும் பாய்மரத்தின் உச்சியிலிருந்து படபடவென்று அடித்துக்கொண்டது. தன் மிச்ச நாளிலெல்லாம் அந்தப் புடவை மடித்து பீரோவில்தான் இருந்திருக்கும். அப்போது அதைப் பார்க்க வேண்டுமே.

ஒரு நண்டுப் படகு தூறலைக் கிழித்துக்கொண்டு வந்தது. முன்னால் நின்றிருந்த பெண் உயரமாக, தோள் அகலமாக இருந்தார். கல்யாண உடைக்கு மேல் மஞ்சள் மழைக்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். கார்டனை ஏற இறங்கப் பார்த்தார். "கயிற்றைப் பிடி" என்றார். கயிறு பறந்து வந்தது. கார்டன் பிடித்தார், தவறவிடவில்லை.

மோராக் அண்ணாந்து பாய்மரத்தைப் பார்த்து, "அது என்ன நாட்டுக் கொடி?" என்று கேட்டார்.

"உங்க கல்யாணப் புடவைம்மா" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு மோராக் என்ற பெயர் மோரக்கா என்றே வாயில் வந்தது, கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

"நான் சிவப்பே உடுத்தமாட்டேன் என்று இவன் சொல்லவில்லையா?"

மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தோம். மாப்பிள்ளை கயிற்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இழுத்துக்கொண்டு பாதித் தூரம் போனதும் தூறல் நின்றது. காற்று விழுந்தது. மேகம் எல்லாம் எங்கேயோ சுருட்டிக்கொண்டு போய்விட, பளிச்சென்று வெயில். கடல் பழைய எண்ணெய்த் தட்டு. துறையில் மொத்தத் தீவும் நின்றிருந்தது. இலை அசையாத வெயிலில் மணப்பெண் மணமகனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவதை அவர்கள் பார்த்தார்கள். புயலில் மாட்டிக்கொண்டோம் என்று நாங்கள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஒரு கிழவர் மட்டும் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, நம்புவதாகச் சொன்னார்.

உச்சிவேளை தாண்டியிருந்தது. ராகு காலம் முடிந்துவிட்டதா என்று இவர் கணக்குப் போட்டார். இங்கே சூரியன் விடிகாலையிலேயே கிளம்பிவிடுகிறதே, எதை உதயம் என்று வைத்துக்கொள்வது என்று குழம்பி, இரண்டு விதமாகப் பார்த்தாலும் பரவாயில்லை என்று தீர்ப்புச் சொன்னார். கார்டன் அவர்கள் வழக்கப்படி கட்டம் போட்ட பாவாடை கட்டி வந்தார். இவர் பட்டு வேட்டி. இரண்டு பேரும் துறையில் நின்று எல்லோரையும் வரவேற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காற்று மறுபடி கிளம்பியது. இருவரும் இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்குக் கை கொடுக்க இருவராலும் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

கூடத்தில் பதிவாளர் கேள்வி கேட்டார். மோராக் உடனே பதில் சொன்னார். கார்டனிடம் கேட்டதும் கூடம் முழுக்க முன்னால் எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் அவர் முதுகில் விரலால் ஒரு குத்து விட்டார். "சரி" என்றார் கார்டன், தமிழில். பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர்கள் பாஷையிலும் சொன்னார். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த புடவை ஈரமும் உப்புமாக இருந்தது. மோராக் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இவ்வளவு சிவப்பா!" என்று ஒரு தடவை முனகினார். சாயங்காலம் வரை கழற்றவில்லை.

விருந்தில் ஆட்டின் உள்ளுறுப்புகளைக் கொத்தி ஓட்ஸோடு சேர்த்து இரைப்பையில் அடைத்து அவித்திருந்தார்கள். அதைப் பார்த்து வேற்றூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்களாம். எங்களையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஊரு ஆட்டுக்குடல் போட்டி டீச்சர்! மிளகு ஜாஸ்தி போட்டிருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும்" என்று இவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தரையில் உருண்டதைத் துடைத்து எடுத்த அதிரசங்களைத் தீவு மீனவர்கள் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஓடாது. தூங்கினோம். திங்கட்கிழமை நாங்கள் ரயிலைப் பிடிக்க வேண்டும். கார்டனும் கூட வந்து வழியனுப்பிவிட்டு, கிழிந்த பாயைத் தைக்கக் கொடுக்க வேண்டும். இன்ஜினை மோராக்கே பிரித்து மாட்டியிருந்தார். படகை யார் ஓட்டுவது என்ற பேச்சு வரவில்லை.

"நீ ஃபெர்ரியில் போ" என்றார் மோராக் கார்டனிடம். "கியூவில் நில்."

என் வீட்டுக்காரர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நானும் மாப்பிள்ளை கூடவே போறேன், அதான் முறை" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மோராக் என்னைப் பார்த்தார். "நீங்கள்?"

நான் மிதவைச் சட்டையை எடுத்து மாட்டினேன்.

அன்று காற்று பதமாக இருந்தது. இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. பேசியபோது டீசலைப் பற்றியும், பள்ளிக்கூடத்தைப் பற்றியும், ஆண்கள் எதைக் கழுவச் சொன்னாலும் கழுவாமல் பயந்தால் மட்டும் கழுவுவதைப் பற்றியும் பேசினோம். ஒரு இடத்தில் சுக்கானை என் கையில் கொடுத்தார். படகு கொஞ்சம் இடதுபக்கம் இழுத்தது. பிறகு பழகிவிட்டது.

துறைமுக வாயிலுக்கு வந்தபோது பழையபடி பக்கவாட்டில் மழை. ஃபெர்ரி எப்போதோ வந்து காலியாக நின்றது. படகுத்துறை முனையில் இரண்டு உருவங்கள் குடையில்லாமல் நின்று கடலைத் துழாவிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்திருந்தார். கார்டன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

மோராக் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நிற்கிறார்கள்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"இன்னும் ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாமா?"

ரயிலுக்கு நேரம் இருந்தது. நான் சுக்கானைத் தள்ளினேன். படகு துறைக்கு ரொம்பப் பக்கத்தில் போனது. "டீச்சர்! இங்க! இங்க!" என்று இவர் கத்துவது நன்றாகக் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் கையை ஆட்டினோம். அவர்களைக் கடந்து, அவசரமில்லாமல், மறுபடி கடல் பக்கம் திரும்பினோம்.